போடிமெட்டு ஏறி கம்பம்மெட்டு இறங்கும் வளையம்: எந்தப் பக்கமாக, எத்தனை மணிக்கு, என்ன கியரில்?

#1 வைகைக்கரை

மதுரையிலிருந்து மூன்று பேர் சைக்கிளில் மலை ஏறக் கிளம்புகிறோம். மூன்றுமே ரோடு பைக் (மெல்லிய டயர் போட்ட வேகச் சைக்கிள்). 28 சி டயர் (28 மி.மீ. அகலம்), முன்னால் 50/34 பல் சக்கரங்கள், பின்னால் 11 முதல் 28 பல் வரை (11-28). இரண்டில் ரிம் பிரேக், ஒன்றில் டிஸ்க். சமதளத்தில் 100 கி.மீ. எல்லோருக்கும் பழக்கம்தான். மலைக்கு இப்போதுதான் வருகிறோம்.

யோசித்து வைத்திருக்கும் வழி: போடி, போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், கம்பம்மெட்டு, கம்பம், மறுபடி போடி. ஒரே நாளில் முடிக்க வேண்டும். ஜனவரி இரண்டாவது வாரம் என்று நினைத்திருக்கிறோம். இந்தத் திசையில் போவதா, கம்பத்திலிருந்து தலைகீழாக வருவதா? 34-க்கு 28 போதுமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

#2 முந்தல் ஏற்றம்

நல்ல வழியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். முதலில் தூரக் கணக்கு. எல்லாமே சுமார்தான், ஒன்றிரண்டு கி.மீ. முன்னே பின்னே இருக்கும்.

போடியிலிருந்து போடிமெட்டு 26. அங்கிருந்து பூப்பாறை 13. பூப்பாறை முதல் சாந்தன்பாறை 6, உடும்பன்சோலை இன்னும் 10, நெடுங்கண்டம் இன்னும் 15. நெடுங்கண்டத்திலிருந்து தூக்குப்பாலம், கூட்டாறு வழியாகக் கம்பம்மெட்டு 20, 22. கம்பம்மெட்டிலிருந்து கம்பம் 14. கம்பத்திலிருந்து உத்தமபாளையம், கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போடி 43. மொத்தம் 150-ஐத் தொடும்.

போடி சுமார் 360 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து முந்தல் வரை 7 கி.மீ. லேசான ஏற்றம். முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் மலை ஆரம்பம். மெட்டுக்குப் போய்ச் சேரும்போது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறியிருப்பீர்கள். சராசரி 5 சதவீதத்தை ஒட்டி வரும். 17 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் நீளமான, சீரான ஏற்றம் என்பதால் ஒரே தாளத்தில் மிதிக்கலாம். அதனால்தான் முதல்முறை மலை ஏறுகிறவர்களுக்கு இந்தப் பாதையைச் சொல்வது.

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஏறும்போது இடப்பக்கம் திரும்புகிற ஊசியில் உள்வளைவு நம்முடையது. சராசரி 5 என்றாலும் அந்தப் பத்துப் பதினைந்து மீட்டர் மட்டும் 10, 12 சதவீதம் வரும். வளைவுக்கு இருபது மீட்டர் முன்பே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் வழுக்கும், சில சமயம் அறுந்தே போகும். மேலிருந்து வண்டி வரவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் சாலை நடுவரை அகலமாக எடுத்துத் திரும்பலாம். பார்க்க முடியாத வளைவில் அந்த வேலை கூடாது. பஸ்ஸும் லாரியும் திரும்புவதற்கே முழு அகலம் எடுத்துக்கொள்கின்றன.

காலை 5.30-க்குப் போடி, 6 மணிக்குள் முந்தல், 8.30-க்கு மெட்டு. இந்தச் சரிவு கிழக்கு பார்த்தது. சூரியன் எழுந்ததிலிருந்து முதுகில் அடிக்கும். எட்டரைக்கு மேல் கீழ்ப்பாதியில் மாட்டிக்கொண்டால் ஜனவரியிலும் வேர்த்துக் கொட்டும். குடிதண்ணீர் ஒவ்வொருவரும் 1.5 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். புலியூத்து அருவியில் தண்ணீர் ஓடுகிறது என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். மழை நின்றபின் அது இளைத்துவிடும்.

திசையைப் பொறுத்தவரை நீங்கள் போட்டதே சரி என்பது என் எண்ணம்.

#3 காற்றாலை

திசையில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மலை இடைவெளி வழியாக இறங்கி இந்தப் பள்ளத்தாக்கோடு ஓடும். தேனிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும், மேலே ராமக்கல்மேட்டிலும் சதுரங்கப்பாறையிலும் நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். அந்த மாதங்களில் கம்பத்திலிருந்து போடிக்கு வந்தால் காற்று முதுகைத் தள்ளும். முந்தல் ஏற்றம் சொல்லும் திசை அப்போது பொருந்தும்.

இவர்கள் போவது ஜனவரியில். அப்போது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. 110 கி.மீ. முடித்த காலோடு கம்பத்திலிருந்து போடிக்கு 43 கி.மீ. எதிர்காற்றில் வர வேண்டியிருக்கும். தென்மேற்குக் காற்றின் வேகம் அதற்கு இல்லை என்றாலும் மூன்று பேருக்குமே அலுப்புத் தட்டும்.

தலைகீழாகப் போட்டால் விடியற்காலைக் குளிரில் 43 கி.மீ. சமதளம், காற்றும் சாதகம். பிறகு கம்பம்மெட்டு ஏற்றம், போடிமெட்டைவிட நீளம் குறைவு. கடைசி 26 கி.மீ. போடிக்கு இறக்கம், மிதிக்கவே வேண்டாம்.

#4 ஏலக்காடு

சாந்தன்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். காற்றாலை அண்ணன் சொன்னது கால் வலிக்குச் சரியான கணக்கு. இங்கே நேரத்தை முடிவு செய்வது யானையும் ஜீப்பும்.

யானை முதலில். சின்னக்கானல், ஆனையிறங்கல், பன்னியாறு எஸ்டேட், பூப்பாறை, தொண்டிமலை எல்லாமே யானை நடமாட்டம் உள்ள இடம். அரிக்கொம்பன் என்கிற காட்டு யானையை 2023 ஏப்ரல் கடைசியில் சின்னக்கானலிலிருந்து பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்தது, ஜூனில் தமிழ்நாடு வனத்துறை பிடித்துத் தெற்கே கோதையாறு மலைக்குக் கொண்டுபோனது. அது போனதோடு யானை பயம் போய்விட்டதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். சக்கைக்கொம்பன் என்கிற இன்னொரு யானையும் யானைக் கூட்டங்களும் இங்கேதான் இருக்கின்றன.

தலைகீழாக வந்தால் பூப்பாறைக்கு வரும்போது பிற்பகல் 3, 4 மணி ஆகும். ஒரு பஞ்சர் ஆனால் 5. அதற்கப்புறம் தொண்டிமலை வழியாகப் போடிமெட்டுக்கு 13 கி.மீ. ஏற்றம், மணிக்கு 8 கி.மீ. வேகத்தில், மூடுபனியில். அது யானை ரோட்டைக் கடக்கும் நேரம். போடியிலிருந்து ஏறினால் இதே இடத்தை ஒன்பது, ஒன்பதரைக்கு இறக்கத்தில் கடந்துவிடுவீர்கள்.

சைக்கிளில் இன்னொரு சிக்கல், சத்தமே வராது. வளைவு திரும்பினால் இருபது மீட்டரில் யானை நிற்கும், அதுவும் திடுக்கிடும். ரோட்டில் ஆவி பறக்கிற புது யானைச் சாணம், மூங்கிலோ கிளையோ முறிகிற சத்தம், குப்பென்று ஒரு வாடை, இதில் எது இருந்தாலும் இறங்கி நில்லுங்கள். நூறு மீட்டராவது விட்டு நின்று பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள். மணி அடிப்பது, விசில் ஊதுவது, போட்டோ எடுக்கக் கிட்டே போவது எதுவும் வேண்டாம். எஸ்டேட் ஆட்கள் கை காட்டி நிறுத்தினால் கேள்வி கேட்காமல் நில்லுங்கள்.

அடுத்தது ஜீப். போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் ஜீப்புகள் மெட்டு ஏறும். வேலை முடிந்து பிற்பகலில் அதே மாதிரி கூட்டமாக இறங்கும். வேகமாகத்தான் வரும். போடிமெட்டிலும் அப்படி, கம்பம்மெட்டிலும் அப்படி. காலையில் நீங்களும் ஏறினால் பின்னால் வந்து முந்திப் போய்விடும், ஓரம் விட்டால் போதும். கம்பம்மெட்டு இறக்கத்தை இரண்டு, இரண்டேகாலுக்குள் ஆரம்பித்துவிட்டால் இறங்குகிற ஜீப் கூட்டம் சேர்வதற்கு முன்னே கீழே போய்விடலாம்.

#5 காற்றாலை

யானை நேரம் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பூப்பாறையைக் காலையில் கடப்பதுதான் முறை. அப்படியென்றால் எதிர்காற்று தூரத்தையாவது குறைக்கலாம். வண்டியைப் போடியில் விடாமல் தேவாரத்தில் விட்டுக் கிளம்புங்கள். தேவாரத்திலிருந்து போடி 17 கி.மீ., கால் சூடேறுவதற்கு அளவான தூரம், வாடைக்காற்றும் காலை நேரத்தில் மந்தமாக இருக்கும். முடிக்கும்போது கம்பத்திலிருந்து தேவாரம் 26 கி.மீ.தான். 5.30-க்குப் போடி தாண்ட வேண்டுமென்றால் 4.45-க்கு தேவாரத்தில் மிதிக்க ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வரைபடச் செயலியில் தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஒரு கோடு தெரியலாம். அது நடைபாதை. ரோடு வேண்டும் என்று அந்தப் பக்கத்து மக்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகிற கோடும் அதே வகைதான், நடக்கிறவர்களுக்கு மட்டும், அதுவும் வனத்துறை அனுமதியோடு.

#6 ஸ்போக்கு செட்டு

கியர் கேள்விக்கு நான் பதில் சொல்றேன்.

ஓட்டுறவர் 68 கிலோ, சைக்கிள் 10, தண்ணி சாமான் 4, ஆக 82 கிலோன்னு வைங்க. 34-க்கு 28, நிமிஷத்துக்கு 60 மிதி மிதிச்சா வேகம் மணிக்கு 9.3 கி.மீ. வரும். 5 சதவீத ஏற்றத்துல அதுக்குச் சுமார் 125 வாட் போதும். அது மூணு பேருக்குமே முடியும். ஊசி வளைவுல 10 சதவீதம் வர்றப்ப அதே 60 மிதியைப் பிடிக்க 225 வாட் ஆகும். ஒரு வளைவு ரெண்டு வளைவு எழுந்து நின்னு ஏறிடலாம். பதினேழு வளைவும் அப்படி ஏறினா நெடுங்கண்டம் வர்றதுக்குள்ள தொடை பிடிச்சுக்கும். 34-க்கு 32 போட்டா அதே மிதியில 8.2 கி.மீ. வேகம், 10 சதவீதத்துல 200 வாட்டுக்குள்ள முடிஞ்சிடும். அதனால 11-32 மாத்துங்க.

கேசட் (பின் பல் சக்கரத் தொகுதி) மட்டும் மாத்தினா வேலை முடியாது. பின் டிரெய்லர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் மாத்துற கருவி, அதோட ரெண்டு குட்டிச் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கூண்டு குட்டையா நீளமான்னு பாருங்க. ஷிமானோ 105 ஆர்7000-ல குட்டைக் கூண்டு 30 பல் வரைக்கும்தான், நீளக் கூண்டு 34 வரைக்கும் தாங்கும். செயினையும் பாருங்க. முன்னால பெரிய பல், பின்னால பெரிய பல் போட்டா டிரெய்லர் முன்பக்கமா விறைச்சு நிக்கக்கூடாது. பழைய செயின் 28-க்குன்னு வெட்டினதா இருந்தா பெரும்பாலும் ரெண்டு கண்ணி பத்தாம போகும். புது கேசட்டோட புது செயின் போடுறதே நல்லது.

மலையில செலவு வைக்கிற சாமான் எதுன்னு கேட்டா நான் டிரெய்லர் ஹேங்கரைத்தான் சொல்லுவேன். அலுமினியத்துல செஞ்ச சின்ன காது, ஃபிரேமையும் டிரெய்லரையும் சேர்க்குறது. ரயில்லயோ கார் டிக்கியிலயோ சைக்கிளை வலப்பக்கம் சாய்ச்சுப் படுக்க வெச்சா லேசா உள்ளே வளைஞ்சுடும். சமதளத்துல நடுப் பல்லுல ஓட்டுறப்ப ஒண்ணும் தெரியாது. மலை ஏறுறப்ப கடைசிப் பெரிய பல்லுக்குப் போட்டதும் கூண்டு ஸ்போக்குக்குள்ள புகுந்துடும். அப்புறம் டிரெய்லர், ஹேங்கர், நாலஞ்சு ஸ்போக்கு எல்லாம் ஒரே நொடியில காலி. பூப்பாறையில அதுக்கு சாமான் கிடைக்காது.

எப்படிப் பாக்கணும்? சைக்கிளுக்குப் பின்னால குத்த வெச்சு உக்காருங்க. பெரிய பல்லுல செயினைப் போட்டுட்டு டிரெய்லரோட ரெண்டு குட்டிச் சக்கரமும் அந்தப் பல்லும் ஒரே நேர்கோட்டுல நிக்குதான்னு பாருங்க. கீழ்ச் சக்கரம் ஸ்போக்குப் பக்கம் சாஞ்சிருந்தா ஹேங்கர் வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். அதை நிமித்துற கருவி வெச்சிருக்கிற கடையில குடுங்க, கையால நெம்பாதீங்க. நேரா இருந்தாலும், டிரெய்லர் ஸ்போக்குப் பக்கம் எவ்வளவு போகலாம்னு தடுக்குற, எல் போட்ட திருகைச் சரி பாருங்க. டிரெய்லரைக் கையால உள்ளே தள்ளினா பெரிய பல்லைத் தாண்டி நகரக்கூடாது. ரயில்ல கொண்டுபோறவங்க டிரெய்லரைக் கழட்டி, துணி சுத்தி, செயின் ஸ்டேக்குள்ள (பின் சக்கரத்தைப் பிடிக்கிற கீழ்க் குழாய்) கட்டிடுங்க. பின் கவட்டைக்கு நடுவுல பிளாஸ்டிக் முட்டு ஒண்ணு வைங்க. உங்க ஃபிரேமுக்குப் பொருந்துற ஹேங்கர் ஒண்ணு கூடுதலா பையில இருக்கட்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வடிவம் வேற, அடுத்தவங்களது உங்களுக்குச் சேராது.

மத்தபடி ஆளுக்கு ரெண்டு டியூப், மூணு பேருக்கும் சேத்து பேட்ச் செட் ஒண்ணு, டயர் லீவர், செயின் உடைக்கிற முள்ளோட மல்டி டூல், உங்க ஸ்பீடுக்குத் தக்க குவிக் லிங்க் (அறுந்த செயினைச் சேர்க்குற கண்ணி) ரெண்டு, கைபம்ப். டயர் பக்கவாட்டுல கிழிஞ்சா உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு விரல் நீளத்துக்கு ஒண்ணு. காத்து 28 சி-க்கு முன்னால 70, பின்னால 75-லிருந்து 80 பிஎஸ்ஐ. ஈரமா இருந்தா அஞ்சு குறைச்சுக்குங்க. 100 அடிச்சா வேகம் வரும்னு நினைக்காதீங்க, மலை ரோட்டுல டயர் குதிக்கும், பிரேக் பிடிக்கிறப்ப வழுக்கும்.

#7 வைகைக்கரை

ஹேங்கர் விஷயம் புதிது, மூன்று சைக்கிளையும் இந்த வாரமே பார்த்துவிடுகிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். ஜனவரி இரண்டாம் வாரம் ஐயப்ப பக்தர்கள் வண்டி எப்படி இருக்கும்? இன்னொன்று, பூப்பாறையிலிருந்து அப்படியே மூணாறு போய்த் திரும்பினால் என்ன?

#8 முந்தல் ஏற்றம்

முதல் கேள்விக்காக முழுத் திட்டத்தையும் தள்ளிவைக்க வேண்டும். நான்தான் முன்பே கேட்டிருக்க வேண்டியது.

மண்டல பூஜையிலிருந்து மகரவிளக்கு வரை தேனி மாவட்டத்தில் ஒருவழிப்பாதை ஏற்பாடு செய்வது வழக்கம். சபரிமலை போகிற வண்டிகளைக் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, கட்டப்பனை, குட்டிக்கானம் பக்கம் அனுப்புவார்கள். திரும்பி வரும் வண்டிகள் குமுளி வழியாக லோயர் கேம்ப் இறங்கும். ஜனவரி இரண்டாவது வாரம் மகரவிளக்குக்கு முந்தைய உச்சம். நீங்கள் கம்பம்மெட்டில் இறங்கும்போது வேனும் பஸ்ஸும் வரிசையாக எதிரே ஏறிவரும். ஒருவழி என்ற நினைப்பில் வளைவில் முழு அகலமும் எடுப்பார்கள். அதில் மூன்று சைக்கிள்கள் எதிரே இறங்குவது ஆபத்து.

ஆகவே தேதியை மாற்றுங்கள். ஜனவரி கடைசி வாரம் அல்லது பிப்ரவரி முதல் பாதி. மழை ஓய்ந்திருக்கும், மேலே குளிர் இருக்கும், மாலை போட்டவர்கள் கூட்டம் இருக்காது. குடியரசு தின விடுமுறையை ஒட்டிய நாட்களை விட்டுவிடுங்கள், மூணாறு வண்டி முழுக்கப் போடிமெட்டு வழியாகத்தான் போகும். மார்ச்சுக்குத் தள்ள வேண்டாம். புல் காய்ந்து காட்டுத்தீ பிடிக்கும் காலம். குரங்கணித் தீ 2018 மார்ச் 11-ல்தான் நடந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்கு மழையில் போடிமெட்டுப் பாதையில் பாறை சரியும், சரிந்தால் போக்குவரத்தை நிறுத்துவார்கள். மழை நாட்களில் கிளம்பும் முன் முந்தலில் விசாரித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

மூணாறு பற்றி ஏலக்காடு சொல்வார்.

#9 ஏலக்காடு

மூணாறுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள். பூப்பாறையிலிருந்து மூணாறு 30 கி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். ஆனையிறங்கல் அணை, பெரியகானல் அருவி, லாக்கார்ட் இடைவெளி, தேவிகுளம் என்று ஒவ்வொன்றாக வரும். போடிமெட்டிலிருந்து மூணாறு வரை 42 கி.மீ. அகலப்படுத்தி நல்ல ரோடாக்கிவிட்டார்கள். லாக்கார்ட் இடைவெளியில் போகிற கேப் ரோடு பக்கம் மலையை வெட்டின இடத்தில் 2019, 2020-ல் பெரிய சரிவுகள் நடந்தன. மழை பெய்துகொண்டிருக்கும்போது அந்த வெட்டுக்கு அடியில் நின்று படம் எடுக்காதீர்கள். மழை இல்லாத நாளில் இந்த 30 கி.மீ. மாதிரி ஒரு ரோடு தெற்கே சைக்கிளுக்குக் கிடையாது என்று தைரியமாகச் சொல்வேன். ஒரு பக்கம் தேயிலை, கீழே அணைத் தண்ணீர், ஏற்றமும் மிதமாகத்தான் இருக்கும்.

மூணாறில் ஒரு இரவு தங்குவதாக இருந்தால் அடுத்த நாள் மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கலாம். ராஜமலையைத் தாண்டி லக்கம் அருவி, சந்தனக்காடு, முனியறைகள் (பழங்காலக் கல்லறைகள்) என்று பார்க்கக் கிடைக்கும். மறையூர் சர்க்கரை என்கிற உருண்டை வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சட்டைப் பையில் ரெண்டு உருண்டை போட்டுக்கொண்டால் வழியில் கடித்துக்கொண்டே போகலாம். மறையூர் தாண்டினால் சின்னாறு சரணாலயம், மறுபக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம். நடுவில் எங்கும் இறங்கி நிற்க முடியாது. சைக்கிளை விடுகிறார்களா, எந்த நேரத்தில் விடுகிறார்கள் என்று மறையூரிலேயே வனத்துறை ஆட்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு இறங்குங்கள். இரண்டு செக்போஸ்ட்டுக்கு நடுவில் திருப்பி அனுப்பினால் மறையூருக்கு மறுபடி ஏற வேண்டும்.

இரவிகுளம் தேசியப் பூங்கா வரையாடு குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி மார்ச்சில், மூடியிருக்கும். அதை நம்பி நிறுத்தம் போட வேண்டாம்.

நீங்கள் போகிற வளையத்துக்கு வருகிறேன். வரைபடத்தில் பூப்பாறை முதல் நெடுங்கண்டம் வரை மேட்டுச் சமவெளி மாதிரி தெரியும். அப்படி இல்லை. ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி ஏற வேண்டும். பெரிய ஏற்றம் முடிந்தது என்று கையில் இருக்கிற பலத்தையெல்லாம் மெட்டிலேயே கரைத்தவர்கள் சாந்தன்பாறைக்கும் உடும்பன்சோலைக்கும் நடுவில்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். பூப்பாறையை ஒட்டி இருப்பது மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா, 2003-ல் அறிவித்தது, உள்ளே போகிற ரோடு நமக்கு இல்லை. சாந்தன்பாறைக் கள்ளிப்பாறை மலையில் 2022 அக்டோபரில் நீலக்குறிஞ்சி பூத்தது. உடும்பன்சோலை தாண்டுவதற்கு முன் சதுரங்கப்பாறைக்கு ஒரு கிளைப்பாதை பிரியும். கடைசித் தூரம் கரடு, 28 சி டயருக்கு ஆகாது. சைக்கிளைக் கடையில் பூட்டிவிட்டு நடந்து போனால் கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் காலடியில் கிடக்கும். காற்று ஆளைத் தள்ளும், விளிம்பை விட்டு நில்லுங்கள்.

ராமக்கல்மேடு போக நினைத்தால் தூக்குப்பாலத்திலிருந்து பிரிய வேண்டும். போய் வர ஏற்றமும் இறக்கமுமாக ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டுவிடும். இரண்டு மணிக்குக் கம்பம்மெட்டு என்ற கணக்கு உடைந்துவிடும். ஒருநாள் வளையத்தில் அதை விட்டுவிடுவதே நல்லது.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் மூன்றிலும் காலையில் புட்டு கடலை, அப்பம் கிடைக்கும். எல்லாக் கடையிலும் தமிழ் பேசுவார்கள். மிதிக்கும்போது மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழம் சுமார் 25 கிராம். கடலைமிட்டாயும் பழமும் மாறி மாறிச் சாப்பிட்டால் போதும். வயிறு முட்டப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு நெடுங்கண்டத்திலிருந்து கிளம்பினால் கூட்டாறு ஏற்றத்தில் தெரியும்.

#10 ஸ்போக்கு செட்டு

இறக்கம் பத்தி யாரும் இன்னும் பேசலை. ஏற்றத்துல தப்பு பண்ணினா மூச்சுதான் வாங்கும். இறக்கத்துல தப்பு பண்ணினா ஆளே போயிடும்.

82 கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்கினா 800 கிலோ ஜூல் சக்தி எங்கயாவது போகணும். ரெண்டரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது. கொஞ்சம் காத்து எடுத்துக்கும், மிச்சமெல்லாம் பிரேக்குலதான். ரிம் பிரேக்குல அந்தச் சூடு நேரா ரிம்முக்கும் டியூபுக்கும் போகுது. லேசா, நிறுத்தாம பிடிச்சுக்கிட்டே இறங்குறவங்களுக்குத்தான் டியூப் வெடிக்குது. ரிம்மை அழுத்துற பிரேக் பேட் ஆறவே நேரம் கிடைக்கிறதில்லை, அதுதான் காரணம். நேர் ரோட்டுல விடுங்க. வளைவுக்கு முன்னால நிமிர்ந்து உக்காந்து ரெண்டு பிரேக்கையும் அழுத்தமா பிடிச்சு வேகத்தைக் குறைங்க. வளைவுக்குள்ள விட்டுடுங்க. அடுத்த நேர் ரோட்டுல அது ஆறும். கார்பன் ரிம்ல ரிம் பிரேக்கா இருந்தா இந்தப் பயணத்துக்கு அலுமினிய வீல் மாட்டிக்கிட்டு வாங்க. லேட்டெக்ஸ் டியூபும் வேண்டாம்.

ரிம் ஈரமா இருந்தா முதல் ரெண்டு மூணு சுத்துக்கு பிரேக் பிடிக்கவே பிடிக்காது, தண்ணியைத் துடைக்கவே அந்தச் சுத்து போகும். பனியில ரிம் நனைஞ்சா வளைவுக்கு ரொம்ப முன்னாலயே பேடை லேசா தொட வெச்சுக் காய வைங்க. கிளம்புறதுக்கு முன்னால பேடைக் கழட்டி முகத்தைப் பாருங்க. அலுமினியத் துணுக்கு மினுமினுன்னு ஒட்டியிருந்தா ஊசியால எடுத்துட்டு உப்புத்தாள்ல ஒரு தேய் தேய்ங்க. கோடு மறையுற அளவுக்குத் தேஞ்ச பேடை மாத்திடுங்க. பிரேக் ஒயர் லீவருக்குள்ள நுழையுற இடத்துல ஒரு இழை அறுந்திருந்தாலும் புதுசு போடுங்க.

டிஸ்க் வெச்சிருக்கிறவருக்குப் பேட் கனம் முக்கியம். உரசுற பாகம் அரை மில்லிமீட்டருக்கு வந்துட்டா மாத்தணும். ரெசின் பேட் ஈரமும் மண்ணும் சேர்ந்தா சீக்கிரம் கரையும், உலோகப் பேட் சத்தம் போட்டாலும் தாங்கும். உங்க டிஸ்க் உலோகப் பேடுக்கு ஏத்ததான்னு அதுலயே எழுதியிருக்கும், படிச்சுட்டு வாங்குங்க. கீழ வந்ததும் டிஸ்கைத் தொட்டுப் பாக்காதீங்க, தோல் உரிஞ்சுடும்.

#11 புளியரை

இழையின் பொருளுக்குக் கொஞ்சம் வெளியே. இந்த வளையம் கனம் என்று நினைக்கிற புதியவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரு சுலபமான மலைவழி இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து புளியரை, எஸ் வளைவு, ஆரியங்காவு, கழுத்துருத்தி, தென்மலை. ஏற்றம் புளியரை தாண்டிச் சில கி.மீ. மட்டும், பிறகு நிழலிலேயே இறக்கம். கழுத்துருத்தியில் ரோட்டை ஒட்டியே பதிமூன்று கண் ரயில் பாலம் நிற்கிறது. ஆரியங்காவிலிருந்து 4 கி.மீ. உள்ளே பாலருவி. புனலூர் வரை போனால் 1877-ல் கட்டிய தொங்கு பாலத்தைப் பார்க்கலாம்.

சிக்கல் ஒன்றுதான், பார லாரிகள். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு இந்தக் கணவாய் வழியாகத்தான் போகும். ஞாயிறு விடியற்காலையில் போவது உத்தமம். ஜூன், ஜூலையில் மேற்கே போகும்போது காற்று முகத்தில் அடிக்கும்.

#12 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. மாற்றிய திட்டம் இது: பிப்ரவரி முதல் வாரம், விடுமுறை இல்லாத ஒரு வியாழக்கிழமை. முதல் நாள் இரவு தேவாரத்தில் தங்கல். 4.45-க்கு தேவாரம், 5.30 போடி, 8.30 போடிமெட்டு, அரை மணி ஓய்வு, 9.30 பூப்பாறை, 11.45 நெடுங்கண்டம், லேசான சாப்பாடு, 2 மணிக்குக் கம்பம்மெட்டு, 4 மணிக்கு தேவாரம். 11-32 கேசட்டும் நீளக் கூண்டு டிரெய்லரும் வாங்கியாயிற்று. ரிம் பிரேக் இரண்டுக்கும் புது பேட். மூணாறு இந்த முறை இல்லை. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

#13 முந்தல் ஏற்றம்

நேரக் கணக்கு பொருந்துகிறது. மூன்று சேர்க்கை.

பின் விளக்கை நாள் முழுதும் எரிய விடுங்கள். போடிமெட்டுக்கு மேலே பனி எந்த நேரத்திலும் இறங்கும், பத்து மீட்டருக்கு அப்பால் சைக்கிள் தெரியாது. முன் விளக்கு தேவாரம் போடி ரோட்டுக்குக் கட்டாயம். அந்த நேரத்தில் மாட்டுவண்டியும் விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லரும் வரும்.

மெட்டில் நிற்கும்போது வேர்த்த சட்டையோடு நிற்க வேண்டாம். மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்றை மடித்துப் பின்பையில் வையுங்கள், அதைப் போட்டுக்கொண்டுதான் பூப்பாறைக்கு இறங்க வேண்டும். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க வராது.

மூன்றாவது, திரும்பும் முடிவு. பத்தரை மணிக்குள் பூப்பாறை வரவில்லை என்றால் வளையத்தை விட்டுவிட்டு வந்த வழியே போடிக்குத் திரும்பிவிடுங்கள். பூப்பாறையிலிருந்து மெட்டுக்கு 13 கி.மீ. ஏற்றம், மதியத்துக்குள் முடிந்துவிடும். சாந்தன்பாறையைத் தாண்டிவிட்டால் அதன்பின் திரும்புவதைவிட முன்னே போவதுதான் சுலபம்.

#14 ஏலக்காடு

நெடுங்கண்டத்தில் ஒன்று கவனியுங்கள். ஊரைவிட்டு வெளியே வரும்போது பெரிய ரோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் குமுளிப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். தூக்குப்பாலம் என்று கேட்டு இடதுபுறம் திரும்புங்கள். கூட்டாறு தாண்டி ரோடு குறுகும், அங்கங்கே தார் பெயர்ந்த ஒட்டு இருக்கும். கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் இறங்கி, டயரை ஒருமுறை கையால் தடவி, கல் குத்தியிருந்தால் எடுத்துவிட்டு, ரிம் ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். கம்பத்தில் இறங்கியதும் ரோட்டோரமே பன்னீர் திராட்சை விற்பார்கள், தேவாரம் வரை அதுவே போதும்.